ஆ காட்டு

எங்கள் வீட்டுக்கார அக்கா எந்தக் குழந்தையிடமும் முதலில் பெயர் கேட்டு நான் பார்த்ததில்லை. "ஆ காட்டு" என்பார். குழந்தை மிரண்டுபோய் வாயைத் திறந்ததும், தலையைச் சாய்த்து உள்ளே பார்ப்பார். பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு, போய் வெளாடு" என்று அனுப்புவார். இல்லையென்றால், "ஏ புள்ள, இங்க வா, இவனுக்கு ரெண்டு பக்கமும் வீங்கிக் கெடக்கு" என்று அதன் அம்மாவைக் கூப்பிடுவார். அந்தக் குழந்தை யார், எந்த வீடு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

திண்டுக்கல்லில் நாங்கள் சில வருடங்கள் குடியிருந்தது அவருடைய மாடியில். கீழே அவர் இருந்தார். அவர் கணவருக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரி. பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் குடிபுகுந்த அன்று, அடுப்பில் பால் பொங்குவதற்கு முன்பே அக்கா என் மகளை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய் வாயைத் திறக்க வைத்துவிட்டார். அப்போது அவளுக்கு நான்கு வயது. யாரென்றே தெரியாத ஒரு பெண், என் பிள்ளையின் நாக்கை ஸ்பூன் காம்பால் அமுக்கிக்கொண்டு நிற்கிறார். என் கணவரோ சிரித்துக்கொண்டிருந்தார். "சின்னப்புள்ளைகளுக்கு எல்லாம் தொண்டையில இருந்துதான்மா ஆரம்பிக்கும்" என்று அக்கா என்னிடம் சொன்னார், தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் அதே குரலில்.

அவர் வீட்டு பிரிட்ஜை முதல்முறை திறந்தபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். தோசை மாவு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். கதவின் உட்புற அடுக்குகளில், மற்ற வீடுகளில் முட்டையும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும் இடத்தில், வரிசையாக மருந்து பாட்டில்கள். ஒன்றுகூட முழு பாட்டில் இல்லை. அரை, கால், சிலவற்றில் அடியில் ஒரு விரல். வெள்ளை, ரோஸ், இளமஞ்சள். அதற்குக் கீழே ஒரு பழைய டிபன் பாக்ஸ். அதில் கத்தரித்த மாத்திரை அட்டைகள்.

எங்கள் தெருவில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யார் வீட்டுப் பிள்ளைக்காவது காய்ச்சல் வந்து போனால், மிச்ச மருந்து அக்காவிடம் போய்விடும். அவர் கேட்டு வாங்குவதுகூட இல்லை. "கீழ எறியாத, அக்காட்ட குடு" என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். பாட்டிலில் ஒட்டியிருக்கும் பெயரை அவர் படிப்பதில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். ஆரஞ்சு வாசம் அடித்தால் காய்ச்சலுக்கு. வாழைப்பழ வாசம் அடித்தால் தொண்டைக்கு. மாத்திரைகளை நிறத்தை வைத்துச் சொல்வார்.

எனக்கு உள்ளுக்குள் கூசியது. நான் வேதியியல் படித்தவள். பாத்திரம் கழுவும் சோப்பின் பின்பக்கம் எழுதியிருப்பதைக்கூடப் படித்துவிட்டுத்தான் வாங்குவேன். ஆனால் அவரைத் தப்பாக நினைக்கவும் முடியவில்லை. நிலக்கோட்டையிலிருந்து காலை வேனில் பூ கொண்டுவந்து எங்கள் தெருமுனையில் கட்டி விற்கும் ஒரு பெண், ஒருநாள் இடுப்பில் கொதிக்கும் குழந்தையோடு வந்தாள். வியாபாரத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக அவளால் ஆகாது. அக்கா குழந்தையை வாங்கி, வாயைப் பார்த்து, ஏதோ ஒரு பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். கஞ்சி காய்ச்சி ஊட்டினார். பூவெல்லாம் விற்றுத் தீரும்வரை குழந்தை அவர் மடியிலேயே கிடந்தது. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. அதிலிருந்து தினமும் காலையில் அக்கா வீட்டு கேட் கம்பியில் ஒரு முழம் மல்லிகை சுற்றியிருக்கும். இப்படி ஒரு மனுஷியிடம் போய் நான் என்னவென்று சொல்வது?

அதோடு, அவர் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. என் மகளுக்கு முதன்முறை உடம்புக்கு முடியாமல் போனபோது அதை நேரிலேயே கண்டேன்.

அன்று காலையில் அவள் இட்லியைத் தட்டோடு தள்ளிவிட்டாள். உடம்பு சுட்டது. காதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காதில் பூச்சி போயிருக்குமோ, சீழ் பிடித்திருக்குமோ என்று நான் போனில் தேடத் தேட பயம் ஏறிக்கொண்டே போனது. படியேறி வந்த அக்கா காதைத் தொடக்கூட இல்லை. குழந்தையின் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்தார். தாடைக்குக் கீழே இரண்டு விரலால் தடவினார்.

"காதுல ஒண்ணுமில்ல. இருமுனாளா?"

"இல்லக்கா."

"எச்சி முழுங்க மாட்டாம வழிய விடுறா பாரு. இது தொண்டை. ஆ காட்டு தங்கம்."

ஸ்பூன் காம்பால் நாக்கை அமுக்கி, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். நான் பார்த்தேன். அவ்வளவு சிறிய வாய்க்குள் இரண்டு பக்கமும் சதை சிவந்து புடைத்து, ஒன்றையொன்று தொட்டுவிடும்போல இருந்தது. மேலே தயிர் தெறித்ததுபோல வெள்ளைப் புள்ளிகள். அக்கா பதறவில்லை. கீழே போய் ஒரு கால் பாட்டிலோடு வந்தார். பின்வீட்டுப் பையன் குடித்து மிஞ்சியதாம். எத்தனை மாதத்துக்கு முந்தையது என்று கேட்டேன். "பிரிட்ஜுலதானடி இருந்துச்சு" என்றார்.

வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி, குழந்தையோடு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் ஒரு வயதான பெண்மணி. அக்கா பார்த்த அதே வரிசையில்தான் அவரும் பார்த்தார். இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, வெள்ளை படிந்திருக்கிறது. டான்சில் வீக்கம், காது வலி தொண்டையிலிருந்து வருவதுதான் என்றார். நான் அசந்துபோனேன். அக்கா சொன்னதும் இதுதானே. ஆனால் அந்தப் பழைய பாட்டிலைப் பற்றிச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தண்ணீர் ஊற்றிக் கலக்கிய பிறகு அந்த ஆன்டிபயாடிக் மருந்துக்கு ஆயுள் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம் என்றார். பிள்ளைகளுக்கு வரும் தொண்டை வீக்கத்தில் முக்கால்வாசி வைரஸால் வருவது, அதற்கு இந்த மருந்தே வேண்டியதில்லை, காய்ச்சல் மருந்தும் வெதுவெதுப்பான கஞ்சியும் ஓய்வும் போதும், தானாகவே இறங்கிவிடும் என்றார். பூக்காரப் பெண்ணின் குழந்தை எனக்கு ஞாபகம் வந்தது. அக்காவின் பாட்டில்கள் ஜெயித்ததெல்லாம் அந்த முக்கால்வாசியில்தானா?

"உங்க பொண்ணுக்கு இது பாக்டீரியா மாதிரி தெரியுது. அதனால மருந்து எழுதுறேன். பத்து நாளும் குடுக்கணும். மூணாம் நாளே துள்ளிக் குதிப்பா, அப்பவும் நிறுத்தக் கூடாது. கிருமி மிச்சம் இருந்தா சில பிள்ளைங்களுக்கு மூட்டுக்குப் போகும், இதயத்துக்குப் போகும்."

இதயம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன். தொண்டையில் இருப்பது இதயத்துக்குப் போகுமா? ஆட்டோவில் வரும்போது முழுவதும் அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே வந்தேன்.

கேட்டில் அக்கா நின்றிருந்தார். என் கையில் மெடிக்கல் ஷாப் கவர். மறைக்க வழியில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் சிரித்துவிட்டார். "பத்து நாளைக்கா? அம்புட்டு மருந்தையும் ஊத்துனா புள்ள வயிறு என்னத்துக்கு ஆகும்? காச்சல் விட்டதும் நிறுத்திட்டு மிச்சத்தக் கொண்டா" என்றார்.

பத்தாம் நாள் காலி பாட்டிலைக் காட்டியபோது, அக்கா முகத்தில் தெரிந்ததை அதிர்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. ஒரு தாய் இப்படிச் செய்வாளா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

பெரியவர்களின் தொண்டைக்கு அவர் கணக்கு வேறு. "சதை வீங்குறது புள்ளைகளுக்குத்தான். வளந்தவங்களுக்கு வாரது தொண்டைக்கட்டு" என்பார். அவருக்கு அது வருடத்தில் பலமுறை வரும். வந்தால் சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துக் கழுத்தில் அப்பிக்கொள்வார். அது காய்ந்து உதிர உதிர அப்படியே கடைக்கும் போய் வருவார். டிபன் பாக்ஸிலிருந்து ஒன்றிரண்டு மாத்திரை போட்டுக்கொள்வார். வலி குறைந்ததும் நிறுத்திவிடுவார். அடுத்த மாதம் மறுபடி சுண்ணாம்பு. "உங்களுக்கும் டான்சில்தானோ அக்கா, ஒருதடவை காட்டலாமே" என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "இனிமே என்னைய பால்வாடிக்குச் சேத்துவிடு" என்றார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. அக்கா தினமும் மோட்டார் போட்டதும் கீழிருந்து சத்தம் கொடுப்பார், "மோட்டாரு ஓடுது, தொட்டியப் பாத்துக்க" என்று. தெருமுனைவரை கேட்கும் குரல் அது. அன்று மோட்டார் ஓடும் ஓசை கேட்டது. குரல் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தொட்டி நிரம்பி மாடிச் சுவரில் தண்ணீர் வழிந்து ஜன்னலில் கொட்டியது. முந்தின நாளே அவர் பேச்சு வாயில் சூடான எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. சளி என்றுதான் சொல்லியிருந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

கதவு திறந்தே இருந்தது. அக்கா சமையலறைத் தரையில், சுவரில் சாயாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு டம்ளர். அதில் எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தார். விழுங்க முடியவில்லை. கழுத்தெல்லாம் காய்ந்த சுண்ணாம்பு. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மோட்டார் சுவிட்ச் பக்கம் கையைக் காட்டினார். ஏதோ சொன்னார். சொல்லாக வரவில்லை.

நான் நெற்றியைத் தொட்டேன். நெருப்பு. அதற்குள் என் மகள் தட்டு ஸ்டாண்டிலிருந்து ஸ்பூனை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"பெரியம்மா, ஆ காட்டு."

அக்கா வாயைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. உதடு விலகியது, பல் தெரிந்தது, தாடை அதற்கு மேல் இறங்கவே இல்லை. ஒரு விரல் நுழையும் இடைவெளி. மறுபடியும் முயன்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது. தெருவில் உள்ள அத்தனை பிள்ளைகளையும் ஆ காட்டச் சொன்னவருக்குத் தன் வாய் திறக்கவில்லை. அவர் கண்ணில் அன்று கண்ட திகைப்பு இப்போதும் என்னை விட்டுப் போகவில்லை. நோயைவிட அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். ஸ்பூன் என் மகள் கையிலேயே நின்றது.

போன் வெளிச்சத்தை அந்த இடுக்கில் அடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுவதும் உப்பி, உள்நாக்கை மறுபக்கம் தள்ளியிருந்தது. அதற்கு மேல் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மோட்டாரை நிறுத்தினேன். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டேன். பூக்காரப் பெண் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள், என் மகளையும் அவளே பார்த்துக்கொண்டாள். வழியெல்லாம் அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் கொரகொரவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்ததும் வரிசையில் நிற்கவே விடவில்லை. டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கிறது என்றார். எத்தனை நாளாக, என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டபோது நான் டிபன் பாக்ஸைத் திறந்து மேசையில் கொட்டினேன். வெவ்வேறு நிறத்தில், வெவ்வேறு அளவில் அட்டைகள். சிலது காலாவதியானது. சிலது பாதியாக உடைத்தது.

"இதெல்லாம் யாரோட மாத்திரை?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நீல அட்டை, என் கணவர் பல் பிடுங்கிய பிறகு சாப்பிட்டு மிஞ்சியது. பக்கத்தில் இருந்தது பின்வீட்டுக்காரருடையது. "எங்க தெருவோடது சார்" என்றேன்.

மரத்துப்போக மருந்து அடித்து, ஊசியைச் செலுத்தி அந்தச் சீழை எடுத்தார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். நாற்றம் அறை முழுவதும் பரவியது. டாக்டர் வெளியே வந்து, இன்னும் ஒருநாள் போயிருந்தால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கும் என்று மிகச் சாதாரணமாகச் சொன்னார். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தொடர்ந்து சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. டான்சில் பெரியவர்களுக்கும் வரும். எச்சில் விழுங்க முடியாமல் போவது, குரல் மாறுவது, வாய் திறக்காமல் போவது, மூச்சு இழுப்பது, இதில் எது தெரிந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காய்ச்சல் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, நாளாகியும் குறையாவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும்.

உள்ளே போனபோது அக்கா சாய்ந்து படுத்திருந்தார். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. வாய் கொஞ்சம் திறந்தது. கரகரத்த குரலில், ஆனால் அவர் குரலில், முதல் வார்த்தை வந்தது.

"மோட்டார அமத்துனியா?"

அமத்திவிட்டேன் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் நாள் படியில் அக்காவின் காலடிச் சத்தம். கையில் வெஞ்சனக் கிண்ணம். நன்றாகத் தேறியிருந்தார். அவரே சமைத்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. என் கணவர் தொண்டையைச் செருமியதைக் கீழிருந்தே கேட்டாராம். கிண்ணத்தோடு முந்தானையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையையும் எடுத்து நீட்டினார். பாதி அட்டை தீர்ந்திருந்தது.

"எனக்குச் சொகமாயிருச்சு. இது நல்ல மாத்திரை, கேட்டுச்சு. தம்பிக்கு ஆகும், வச்சுக்க."

மூச்சு நிற்கப் பார்த்த தொண்டை அது. வீடு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவர் முகத்தில் கபடமே இல்லை. என் வீட்டில் யாருக்கும் எதுவும் வந்துவிடக் கூடாது என்ற அதே பழைய அக்கறை. என்ன சொன்னாலும் இவர் மாறப் போவதில்லை என்று தோன்றியதும் எனக்குப் பயத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதலும் கடைசியும்.

"இத நீங்க தின்னு முடிக்கலைன்னா நாங்க வீட்டக் காலி பண்ணிருவோம் அக்கா."

அவர் அதிர்ந்துபோய் நின்றார். பிறகு இறங்கிப் போனார். அட்டை என் கையில் இருந்தது.

அன்றிலிருந்து காலையும் மாலையும் நானும் மகளும் கீழே போனோம். நான் மாத்திரையைப் பிரித்துக் கொடுப்பேன். அக்கா எங்களைப் பார்க்காமல் வாங்கித் தண்ணீரோடு விழுங்குவார். விழுங்கியதும் என் மகள் ஸ்பூனோடு முன்னால் போவாள். "ஆ காட்டு பெரியம்மா." முதல் நாள் உதட்டை இறுக்கிக்கொண்டார். மறுநாள் கொஞ்சம் திறந்தார். அப்புறம் நன்றாகவே திறந்தார். அவளும் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்பாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும். அதை மறைக்க டம்ளரைத் தூக்கிக்கொள்வார்.

கடைசி மாத்திரை தீர்ந்த மாலை அவர் அந்த அட்டையை என்னிடமிருந்து வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எல்லாக் குழியும் உடைந்து, அதன் வழியாக வெளியே தெரு தெரிந்தது. திருப்பிப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு குழியாகத் தடவினார்.

"ஒண்ணுகூட மிச்சமில்லையேடி" என்றார்.

அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டே அறைக்குள் செத்த நேரம் நடந்தார். பிறகு பிரிட்ஜைத் திறந்து, கதவில் இருந்த பாட்டில்களைக் கொஞ்சம் ஒதுக்கி, நடுவில் அந்தக் காலி அட்டையைச் செருகி வைத்துவிட்டு, மெதுவாக மூடினார்.